மலைக்குத் திரும்பிய வானொலி

முதல் நாள்: வியாழன், பௌர்ணமிப் போயா விடுமுறை

வெள்ளவத்தையில் வீட்டைப் பூட்டும்போது மணி நான்கே முக்கால். உடுப்புப் பெட்டியை என்னிடமும் மருந்துப் பையை மகளிடமும் தந்துவிட்ட அம்மா, ஒரு துணிப்பையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே பழைய கம்பளிச் சால்வையில் சுற்றிய தாத்தாவின் வானொலி இருக்கிறது.

அது என்னைவிட மூத்தது. 1969இல் தாத்தா ஹட்டன் டவுனில் வாங்கியது. தோல் உறை, நான்கு பெரிய பட்டரி, மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று இரண்டு பாண்ட். அந்தக் காலத்தில் வானொலி வைத்திருப்பதற்கே உரிமம் எடுக்க வேண்டும். தாத்தாவின் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முதலில் வந்த பெட்டி அதுதான் என்பதை அம்மா இன்றும் பெருமையாகச் சொல்வார். தாத்தா 1991இல் காலமான பிறகு அது அம்மாவோடு கொழும்புக்கு வந்தது. சில வருடங்கள் பாடியது, பிறகு நின்றுவிட்டது. அலுமாரியின் மேல் ஒரு வீட்டுத் தெய்வம்போல் இருந்துவந்தது.

போன மாதம் மாமா தொலைபேசியில் அழைத்தார். "அப்பாவின் ரேடியோ இருக்கிறதா? காமன் கூத்துக்கு வரும்போது கொண்டு வா, தங்கச்சி" என்றார். அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே யோசனை. மாமாவிடம் போன் இருக்கிறது, அதில் எஃப்.எம். கேட்கிறார். இந்தப் பெட்டியில் எஃப்.எம். கிடையாது. மீடியம் வேவில் இப்போது என்ன இருக்கிறதென்று கேட்கிறார்? கோட்டை நிலையத்தில் பொடி மெனிக்கே ரயில் 5.55க்குப் புறப்படும் வரை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ரயில் கண்டிக்குள் போய், வந்த வழியே பின்பக்கமாகத் திரும்பிப் பேராதனை வந்து, அங்கிருந்து மலை ஏறுகிறது. பெட்டி எதிர்த்திசையில் நகரத் தொடங்கியதும் பதின்மூன்று வயது மகள் திடுக்கிட்டுக் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். கொழும்பிலிருந்து அதுவரை கொரியப் பாடல்கள். நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பாடல் கேட்கும் பிள்ளை நல்ல பிள்ளை, அது எந்த மொழியானால் என்ன? ஆனால் நாங்கள் மூன்று பேரும் ஒரே இருக்கையில் இருந்தும் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இருப்பது மனதுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு சின்ன நிலையத்தில் நிலைய அதிபர் பெரிய வளையம் ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டு, வேறொரு வளையத்தைக் கொடுத்தது. "அது என்ன?" என்றாள் மகள். "டேப்லட்" என்றேன். தன் மடியிலிருந்த டேப்லட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சொன்னது உண்மைதான், பெயரே அதுதான். வளையத்தோடு தொங்கும் பையில் ஓர் உலோகத் தட்டு இருக்கும். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு தட்டு வெளியே வந்துவிட்டால் அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்த தட்டு வராது. தட்டு கையில் இல்லாமல் ரயில் ஒற்றைப் பாதையில் நகரக் கூடாது. எதிரே இன்னொரு ரயில் வராது என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட யோசனை, இன்றைக்கும் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மகள் அடுத்த மூன்று நிலையங்களிலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வளையத்துக்காகக் காத்திருந்தாள்.

ஹட்டன் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். இருட்டு விழுந்ததும் பெட்டி முழுவதும் "ஹூ" என்று கூவியது. இந்தக் கூவலை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். அறுபத்தெட்டு வயது அம்மாவும் கூவினார். வெளிச்சம் வந்தபோது மகளின் இயர்போன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தலவாக்கலையில் இறங்கித் தோட்டத்துப் பஸ். லயத்துக்குப் போகும் படிகளில் ஏறும்போதே தூரத்தில் தப்பு மேளம் கேட்டது. கூத்துக்கு ஒத்திகை என்றார் மாமா. வானொலியைப் பையிலிருந்து எடுத்து, சால்வையைப் பிரித்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். திருகிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. "நாளைக்கு டவுனுக்கு எடுத்துப்போவோம்" என்றார். எதற்கு என்று அம்மா கேட்டார். மாமா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள்: வெள்ளி

இன்று முழுவதும் ஒலியின் நாள். விரிவாக எழுத ஆசை, ஆனால் கோயில் மேட்டில் நின்றால்தான் போனுக்கு சிக்னல் வருகிறது, அங்கே குளிர் கொல்கிறது.

டவுனில் ஒரு கூட்டுக்கடையின் மூலையில், நாலடி அகலத்தில் ரேடியோ திருத்தும் பாஸின் கடை. போன் கண்ணாடி மாற்றுவதும் சார்ஜர் விற்பதும்தான் இப்போது தொழில். எங்கள் பெட்டியைக் கண்டதும் கையிலிருந்த போனை ஓரமாக வைத்துவிட்டு, மேசையை ஒரு துணியால் துடைத்தார். அந்தத் துடைப்பிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பின்மூடியைத் திறந்தபோது பட்டரி வைக்கும் குழிக்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. என்றோ போட்ட பட்டரி கசிந்து காய்ந்திருக்கிறது. உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து விரல் நுனியில் சுற்றி, ஸ்பிரிங்கை ஒவ்வொரு வளைவாகத் தேய்த்தார். செம்பு நிறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினார். இற்றுப்போன ஒரு சிவப்புக் கம்பியை வெட்டி, புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்தார். குங்கிலியம்போல ஒரு வாசனை. அம்மா கண்ணை மூடி அதை முகர்ந்தார்.

அடுத்தது நூல். நிலையத்தைக் காட்டும் முள் ஒரு நூலில்தான் ஓடுகிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். திருகும் குமிழியிலிருந்து சின்னச் சின்னக் கப்பிகள் வழியாகப் போய், உள்ளே இருக்கும் சக்கரத்தைச் சுற்றி வரும். அது அறுந்து கிடந்தது. பாஸ் தூண்டில் நூலில் ஒரு முழம் எடுத்து, பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, குமிழியின் தண்டில் மூன்று சுற்று, சக்கரத்தில் ஒரு சுற்று, கடைசியில் தலைமயிர்போன்ற ஒரு ஸ்பிரிங்கில் முடிச்சு. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை முள் மெல்ல நகர்ந்தபோது மகள் கைதட்டினாள். அவர் சிரிக்காமல், முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிக் காட்டினார்.

நான்கு புதிய பட்டரி. குமிழியைத் திருப்பியதும் இரைச்சல் வந்தது. நிலையம் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். அம்மாவின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது, அந்த இரைச்சலுக்கே.

"இரவில் போட்டுப் பாருங்கள், அக்கா. பகலில் இதற்குப் பசி எடுக்காது" என்றார் பாஸ். அவர் சொன்னது சரியான கணக்கு. பகலில் வெயில் பட்டு வானத்தின் உயரத்தில் ஒரு படலம் உண்டாகிறது. மீடியம் வேவ் அலை அதில் மோதியதும் அது விழுங்கிவிடும். பொழுது விழுந்ததும் அந்தப் படலம் கலைந்துபோகும். அப்போது அலை இன்னும் மேலே போய், அங்குள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, கடலும் மலையும் தாண்டி இறங்கும். எஃப்.எம். அப்படி இல்லை, அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். நம் பள்ளத்தாக்குகளில் ஒரு வளைவில் பாடும் பாட்டு அடுத்த வளைவில் காணாமல்போவது இதனால்தான். எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு மிச்சம் வேண்டாம் என்றேன். இருநூறையும் எண்ணித் திருப்பித் தந்தார்.

இரவு காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து கம்பம் நட்டு, இத்தனை நாள் விரதம் இருந்து, இன்றைக்குத் தகனம். சிவன் தவத்தில் இருக்கிறார், மன்மதன் மலரம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, ரதி அழுகிறாள். கதை இவ்வளவுதான், சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ரதி வேடம் கட்டிய பையன் புலம்பத் தொடங்கியபோது என் பக்கத்தில் நின்ற கிழவிகள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவனைப் பகலில் நான் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், போனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

கூத்துக்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பனியில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். மைதான ஓரத்தில் சருகைக் கூட்டித் தீ மூட்டி, ஐந்தாறு பேர் தப்புகளை நெருப்புக்கு முகம் காட்டிப் பிடித்தார்கள். நடுநடுவே விரலால் ஒரு தட்டு. "டொப்" என்று மந்தமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் "டங்" என்று ஏறியது. ஒருவர் தன் தப்பைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்து, இன்னொரு முறை நெருப்பில் காட்டினார். ஒரு நொடிதான், உடனே விலக்கிவிட்டார். அதிகம் காய்ந்தால் தோல் கிழியும். சுருதி சேர்க்க அவரிடம் இருந்தது நெருப்பும் காதும் மட்டும்.

ஒரு காலத்தில் விடியற்காலையில் தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, அழைப்பார்கள் என்று மாமா சொன்னார். வேலைக்கு விரட்டவும் அதே கருவி, சாமிக்கும் அதே கருவி, சாவுக்கும் அதே கருவி. அத்தனை தப்பும் ஒன்றாக எழுந்தபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. மகள் போனைத் தூக்கி முழுவதையும் பதிவுசெய்தாள்.

மூன்றாம் நாள்: சனி

காலையில் அந்தப் பதிவைப் போட்டோம். தப்பு அதில் இல்லை. தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஏதோ இருந்தது. பேச்சுக்காகச் செய்த கருவி, ஒலி பெரிதாக வந்தால் தானாகவே அடக்கிவிடும் என்று மகளுக்கு விளக்கினேன். அவள் முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் இதை எப்படிக் கொண்டுபோவது?" என்றாள். நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அத்தை தட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்து, "சாப்பிட்டுவிட்டு யோசி" என்றார். அடுப்புச் சூட்டோடு வந்த ரொட்டி, அம்மியில் இழைத்த சம்பல், உள்ளங்கையில் சர்க்கரை வைத்து நக்கியபடி வெறுந்தேத்தண்ணி. சாப்பிட்டோம்.

பகலில் நுவரெலியா போய் வந்தோம். செங்கல் தபால் நிலையம், பூங்கா, ஸ்ட்ராபெரி, நெரிசல். பிதுருதலாகல மலையின் உச்சியில் ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்கள் மேகத்துக்குள் மறைவதும் தெரிவதுமாக இருந்தன. 2,524 மீட்டர், நாட்டில் அதைவிட உயரம் இல்லை. 1982இல் ரூபவாஹினி வந்தபோது லயத்துக்கு ஒரு தொலைக்காட்சிகூட இல்லை என்று அம்மா சொன்னார். வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை, எனக்கு லயத்துக்குத் திரும்பும் அவசரம்.

பொழுது சாய்ந்தது. மாமா வானொலியை இஸ்தோப்புக்கு, லயத்தின் முன்திண்ணைக்கு, கொண்டுவந்தார். காம்பரா (லயத்து அறை) ஜன்னலின் வெளித்திண்டில் இருந்த பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். வருடாவருடம் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் சுவர் அது, வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் திண்டில் ஒரு சாண் இடம் மட்டும் பழைய சிமெந்தாகவே விடப்பட்டிருந்தது. அதில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள். ஒன்று நேராக, ஒன்று சரிவாக.

"இது கொழும்பு" என்று நேர்கோட்டைத் தொட்டார் மாமா. "இது திருச்சி."

பெட்டிக்குள் கரிய பெரைட் கம்பி ஒன்று செப்புக்கம்பி சுற்றிப் படுத்திருக்கிறது, பாஸ் எனக்குக் காட்டினார். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்திருந்தால் ஒலி நன்றாக வரும், முனை பார்த்தால் மங்கிவிடும். தாத்தாவுக்குக் கம்பி தெரியாது, ஆனால் திருப்பித் திருப்பி வைத்து இடம் கண்டுபிடித்திருக்கிறார். பெட்டியின் முன்விளிம்பைக் கோட்டோடு சேர்த்து வைத்தால் போதும், இருட்டிலும் வைக்கலாம்.

கொழும்புக் கோடு அம்மாவுக்குத் தெரியும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தின் குரலும், கே.எஸ். ராஜாவின் வேகமும், அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டும் அந்தக் கோட்டில்தான் வந்தன. இஸ்தோப்பில் பாய் விரித்து ஆறு காம்பராக்காரர்களும் உட்காருவார்களாம். ஒலியைக் கூட்டி வைத்தால் கடைசிக் காம்பரா ஆச்சி படுத்தபடியே கேட்பாராம். திருச்சிக் கோடு அம்மாவுக்குத் தெரியாது.

"நீ அப்போது மாத்தளைச் சித்தி வீட்டில் படித்துக்கொண்டிருந்தாய்" என்றார் மாமா. "உன் அக்கா இந்தியாவுக்குப் போன அந்த வருடம் அப்பா கீறியது."

பெரியம்மா 1974இல் போனார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் பெரியம்மாவின் கணவர் குடும்பமும் வந்தது. தலவாக்கலையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம், அங்கிருந்து கோத்தகிரித் தேயிலைத் தோட்டம். முதல் கடிதம் வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் ஓர் இரவு தாத்தா முள்ளை ஓட்டும்போது திருச்சி கிடைத்திருக்கிறது. தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அந்தப் பெயர் அவருக்குப் பழக்கம். பாட்டுக்காக அவர் அதைக் கேட்கவில்லை என்றார் மாமா. செய்தியின் கடைசியில் மழை நிலவரம் சொல்வார்கள். நீலகிரி என்று வந்தால் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்வார். மழை என்றால், "பிள்ளை நனைந்துகொண்டு கொழுந்து எடுக்கும்" என்பார். மழை இல்லையென்றால் பெட்டியை மூடிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

அம்மா திண்டைப் பிடித்தபடி நின்றார். ஐம்பது வருடம் தெரியாத ஒன்றை அந்தக் கோடு சொல்லிவிட்டது. தாத்தா கல்நெஞ்சக்காரர், மகளை அனுப்பிவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதுதான் எங்கள் வீட்டில் இதுவரை இருந்த கதை.

எட்டரை மணிக்கு மாமா பெட்டியைச் சரிவுக் கோட்டில் வைத்தார். முள் மயிரிழை அளவில் நகர்ந்தது. இரைச்சல், ஒரு விசில், ஏதோ மொழி, மறுபடி இரைச்சல். மேலே ஏறிக் கீழே இறங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு தமிழ்க் குரல் வந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். இரண்டு பையன்கள் வந்து படியில் உட்கார்ந்தார்கள். அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். மாமா நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கத்தில் வேலை செய்தவர், காது கொஞ்சம் மந்தம், அதனால் ஒலி முழுசாக. யாரும் ஒன்றும் பேசவில்லை. மகள் மட்டும் ஓசைப்படாமல் போனை எடுத்துப் பதிவுசெய்துகொண்டிருந்தாள்.

நான் கொழும்புக் கோட்டுக்கும் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அங்கே தமிழ் ஒன்றும் கிடைக்கவில்லை. "அது போனில் கேட்கிறதே" என்றார் மாமா.

நான்காம் நாள்: ஞாயிறு

விடியற்காலையில் மகள் தனியாகக் கோயில் மேட்டுக்கு ஏறிப்போய், நேற்றைய பதிவைக் கோத்தகிரிக்கு அனுப்பிவிட்டு வந்தாள். நாங்கள் சொல்லவில்லை. அத்தை ஒரு கிலோ தேயிலைத்தூளைப் பத்திரிகைத்தாளில் கட்டி என் பையில் திணித்தார். வானொலி திண்டில், சரிவுக் கோட்டில் இருந்தது. அதன்மேல் அம்மாவின் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தது. பூச்சட்டிகள் இனிமேல் கீழேதான்.

ரயில் நாவலப்பிட்டியில் நின்றபோது பெரியம்மாவிடமிருந்து பதில் வந்தது. எழுதவில்லை, குரலாகவே அனுப்பியிருந்தார். மகள் இயர்போனைச் செருகவில்லை. போனை மடியில் வைத்து, எங்கள் மூவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள்.

"ரேடியோ ஒன்றும் விளங்கவில்லையடி" என்றது எழுபத்து மூன்று வயதுக் குரல். "பின்னால் ஒரு கதவு கிறீச்சிடுகிறது பார், அது நம் நடுக்காம்பராக் கதவு. இன்னும் எண்ணெய் விடவில்லையா? பதிவை நாலு தடவை கேட்டுவிட்டேன். அண்ணன் நடுவில் இருமுகிறாரே, அது பனி இருமல் இல்லை, நெஞ்சில் கட்டியிருக்கிறது. இஸ்தோப்பில் உட்காரும்போது தலையில் துண்டு கட்டச் சொல்லு. கேட்கிறதா?"

அம்மா போனை வாங்கி மாமாவின் எண்ணை அழுத்தினார். அழைப்பு போகவே இல்லை. லயத்துக்குள் சிக்னல் இல்லை. பேராதனை வரும்வரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.